ஹெல்மெட் சாட்சி

உடைந்த ஹெல்மெட் ஒன்றைப் பதினொரு வருடம், வருடத்துக்கு ஒரு முறை, ஆலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போன முட்டாள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், பின்னால் சொல்லப்போகிற முட்டாள்தனங்கள் உங்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி தராது. கறுப்பு ஹெல்மெட். இடது பக்கத்தில் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு விரிசல். முகக்கண்ணாடி போன இடம் தெரியாது. வீட்டு ஷோகேஸில், மகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைக்கும், விருந்தாளி வந்தாலும் மனைவி வெளியே எடுக்காத கண்ணாடிக் கிண்ணங்களுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது, பதின்மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் என் பைக் சறுக்கி விழுந்தது. என் தலை உடைய வேண்டிய இடத்தில் ஹெல்மெட் உடைந்தது. அது ஆண்டவர் செய்த உதவி என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். பிரச்சினை அந்த உதவியில் இல்லை. அதை வைத்து நான் ஓட்டிய வண்டியில்தான் இருந்தது.

எங்கள் சபையில் காப்பிப் பழம் எடுக்கத் தொடங்குவதற்கு முன் ஸ்தோத்திரப் பண்டிகை வரும். வாழைத்தார், மிளகுக்கொடி, ஆரஞ்சு, பலகாரம் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். பிறகு, அந்த வருடத்தில் ஆண்டவர் செய்த நன்மைகளைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சாட்சி சொல்லலாம். முதல் ஆளாக நான் எழுவேன், ஹெல்மெட்டோடு. நான் சபையின் செயலாளர். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதுகிற ரைட்டர். அதற்கும் மேலாக, ஊரில் எவருக்கும் சிரிப்பு வரவழைக்கக்கூடியவன் என்று பேரெடுத்தவன். ஆகவே என் சாட்சிக்கு ஒரு கூட்டமே காத்திருந்தது, அல்லது காத்திருந்ததாக நான் நினைத்தேன். முதல் வருடம் நான் சறுக்கியது சாலையில் கொட்டிக் கிடந்த ஜல்லியில். நான்காம் வருடம் ஜல்லியோடு மழையும் சேர்ந்தது. ஏழாம் வருடம் பள்ளத்தின் விளிம்பில் பைக்கின் முன்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. ஒன்பதாம் வருடம் எதிரே ஒரு காட்டுமாடு வந்து நின்றது. அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. வந்த மாட்டைத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை.

என் ஜெபமும் அந்த ஹெல்மெட் மாதிரிதான் இருந்தது, தூக்கிக் காட்ட ஆகும், உள்ளே தலை கிடையாது. சபை ஜெபத்தை நான்கு நிமிடம் மூச்சு விடாமல் ஏறெடுப்பேன். வாய் அதன் பாட்டுக்கு நாடாளுகிறவர்களையும் நோயாளிகளையும் விதவைகளையும் வரிசையாகக் கடந்துபோகும். மனம் அந்த நேரத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கறியா மீனா என்று யோசித்துக்கொண்டிருக்கும். வீடுகளில் நடக்கிற கூட்டங்களை முடிக்கிறபோது, “இந்த வீட்டில் இதுபோன்ற கூட்டங்கள் இன்னும் அநேகம் நடக்கக் கிருபை செய்யும்” என்று சொல்வது என் வழக்கம். வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு சாவு வீட்டிலும் அதையே சொல்லிவிட்டேன். பெரியவரின் உடல் நடுக்கூடத்தில் கிடக்கிறது, நான் கண்ணை மூடிக்கொண்டு இதுபோன்ற கூட்டங்கள் இன்னும் அநேகம் கேட்கிறேன். வெட்கப்பட வேண்டிய இடம் அது. நான் அதை ஒரு நகைச்சுவைத் துணுக்காக ஆறு மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அன்றைக்கே வாடை வந்திருக்கும். நான்தான் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தேன்.

இனி மேஸ்திரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் பெண்கள் பிரிவை நடத்தியவர். அவருடைய தாத்தா காலத்தில் கீழே சமவெளியிலிருந்து மலைக்கு வேலைக்கு வந்த குடும்பம். கணவர் வீட்டார் மாரியம்மன் பண்டிகைக்கு முறை செய்கிறவர்கள். இவர் மட்டும் ஐம்பதை நெருங்கும் வயதில், யாரும் அழைக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்துக்குள் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். அதன்பின் ஒரு வாரமும் தவறவில்லை. முதியோர் பள்ளியில் கற்ற எழுத்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டித்தான் வாசிப்பார். ஆனால் குரல்! காலை ஏழரை மணிக்கு ஆபீஸ் முன்னால் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் நடக்கும். பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரியாத பனியில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காகிதமே பாராமல் அறுபது பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொரு பேருக்கும் “வந்தாச்சுங்க” என்று பனிக்குள்ளிருந்து பதில் வரும்வரை அடுத்த பேருக்குப் போகமாட்டார். நான் பக்கத்தில் நின்று பேரேட்டில் டிக் அடிப்பேன். கடைசியில் என் பக்கம் திரும்பி, “அவ்வளவுதானுங்களா, ரைட்டர்?” என்பார். “அவ்வளவுதான்” என்பேன். பிறகு எல்லாரும் வேலைக்குக் கலைவார்கள். பதினெட்டு வருடம் இப்படித்தான் எங்கள் பொழுது விடிந்தது.

பதினொன்றாவது வருட ஸ்தோத்திரப் பண்டிகை. வளைவு வந்தது, ஜல்லி வந்தது, மழை வந்தது, காட்டுமாடு வந்து முறைத்தது. ஹெல்மெட்டை இரண்டு கைகளாலும் உயர்த்தி, “இதோ!” என்றேன். முன்வரிசைப் பிள்ளைகள் எனக்கு ஒரு விநாடி முன்னாலேயே வாயசைத்து “இதோ” சொன்னதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தேன். அப்போது ஜன்னலோரத்திலிருந்து, கேலியே இல்லாத, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் மேஸ்திரியம்மா கேட்டார்:

“ஏனுங்க ரைட்டர், அன்னைக்கு உங்களைக் காப்பாத்துனதுக்கப்பறம் ஆண்டவரு உங்களுக்கு வேற ஒண்ணுமே பண்ணலீங்களா?”

 பிறகு ஆலயம் சிரித்தது. சிரிப்பென்றால் என் துணுக்குகளுக்கு வருகிற மரியாதைச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பதினொரு வருடமாக அடக்கிவைத்த சிரிப்பு. ஆர்மோனியம் வாசிக்கிறவர் கட்டைகளின் மேலேயே கவிழ்ந்துவிட, அது ஒரு தரம் ‘பாம்’ என்றது. என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது. மேஸ்திரியம்மா ஒருவர்தான் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார், மஸ்டரில் காத்திருக்கிற மாதிரியே. நான் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரைச் சிரிக்க வைப்பவனைப் பார்த்து ஊர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த நிமிடமே முடிவு செய்தேன், இந்த அம்மாளை விடக்கூடாது.

பழிவாங்குவதில் எனக்கு இவ்வளவு திறமை இருக்கும் என்று அதுவரை தெரியாது. ஆலயத்துக்குப் பூ அலங்காரம் செய்கிற அவருடைய முறையை, பட்டியல் தயாரிக்கும்போது கைதவறியது போல விட்டுவிட்டேன். ஜன்னலோரப் பெஞ்சு பழுது என்று சொல்லி, செருப்பு கழற்றுகிற வாசல் பக்கம் அவரை உட்கார வைத்தேன். டீக்கடையில் அவருடைய விரல் வாசிப்பை நடித்துக் காட்டினேன். கடைக்காரர் சிரித்தார், ஆனால் அதற்கு முந்தின வாரம் என் ஹெல்மெட்டை நினைத்துச் சிரித்த அளவுக்கு இல்லை. அது வேறு எரிந்தது. இதையெல்லாம் விடக் கேவலமான ஒன்று உண்டு. அந்த நாட்களில் நான் விடியற்காலையில் எழுந்து, முழங்காலிட்டு, சிமெண்டுத் தரையின் குளிர் முட்டியில் ஏற ஏற ஜெபித்தேன். எதிரிகளை வெட்கப்படுத்தும்படி கேட்கிற வேதாகமத்துச் சங்கீதங்களாகத் தேடித்தேடி வாசித்தேன். கண்ணில் நீர் வந்தது. மனைவி எட்டிப் பார்த்து, இந்த மனிதனுக்கு எழுப்புதல் வந்துவிட்டது, பக்தி புதிதாக உயிர்பெற்றுவிட்டது என்று நினைத்து, எனக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பல வருடங்களில் நான் மனசார ஏறெடுத்த முதல் ஜெபம் ஒரு பெண்மணியின் தலையைக் குனிய வைப்பதற்காக. அதிலிருந்த அசிங்கம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. நன்றாக ஜெபிக்கிறோம் என்ற திருப்தியே இருந்தது.

வழியும் கிடைத்தது, ஜெபத்துக்குப் பதில் கிடைத்த மாதிரி. ஞாயிறுதோறும் வேதபாடம் யார் வாசிப்பது, எந்தப் பகுதி என்பதைப் பட்டியல் போடுகிறவன் நான்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு கூட்டம் நிரம்பும். சேலத்திலிருந்து உறவினர்கள் வருவார்கள், தலைமைப் போதகரும் வருவார். பழைய ஏற்பாட்டில், அந்நிய தேசத்துச் சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பினவர்களின் பேர்ப்பட்டியல் ஒன்று இருக்கிறது. வாயில் நுழையாத பேர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பாகாத்மோவாப், அதோனிகாம், அஸ்காத். படித்தவர்களே நாக்குத் தடுக்கி விழுவார்கள். முதல் பாதியைப் பார்த்ததுமே சந்தோஷத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன், கடைசி வரை வாசிக்கவில்லை. பட்டியலில் மேஸ்திரியம்மாவின் பேரை எழுதினேன்.  அழகான கையெழுத்தாகவே வந்தது.

மறுநாள் மஸ்டர் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். மறுக்கத்தான் வருகிறார் என்று மனதுக்குள் இலை போட்டு உட்கார்ந்தேன்.

“ஏனுங்க ரைட்டர், இவங்கெல்லாம் ஆருங்க? எந்த ஊருக்காரங்க?”

“அடிமையாக் கொண்டுபோன இடத்துல இருந்து திரும்பி வந்தவங்க. பேரு மட்டுந்தான், வேற ஒண்ணும் இல்லை. வாசிச்சுட்டு உக்காந்துருங்க, அவ்வளவுதான்.”

அவர் முகம் மாறியது. “ஊடு வந்து சேந்தவங்களுங்களா? எங்க தாத்தன் கீழயிருந்து மேல வந்தவரு, திரும்பிப் போகவே இல்லீங்க. போயிருந்தா அவரு பேரையும் ஆராச்சும் எழுதியிருப்பாங்க. இது நொம்பப் பெரிய வேலையாச்சுங்களே, என்னைப் போய்ப் போட்டிருக்கீங்க.” பிறகு, நான் இன்றும் நினைத்தால் கூசுகிற ஒன்றைச் சொன்னார்: “நீங்க நல்லா இருக்கோணுமுங்க.”

அடுத்த இரண்டு வாரம் எஸ்டேட்டில் ஒரே கூத்து. பழம் எடுக்கும் வரிசைகளுக்குள்ளிருந்து “அதோனிகாம்!” என்று குரல் வரும். மிளகுக்கொடிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ ஒரு பெண், “அவன் கூடையை மறந்துட்டுப் போயிட்டானுங்க!” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவருடைய பிரிவுப் பெண்களில் ஒருவர்கூட ஆலயத்துக்கு வருகிறவர் இல்லை, ஆனாலும் அத்தனை பேருக்கும் அந்தப் பேர்கள் மனப்பாடமாகிவிட்டன. அஸ்காத் வேலைக்குச் சோம்பேறி என்றும் பாகாத்மோவாப்புக்குப் பெரிய வயிறு என்றும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள். நான் மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டு, கத்துங்கள், இன்னும் கத்துங்கள், மேடையில் நாக்கு சுருளும்போது தெரியும் என்று கறுவினேன்.

அந்த ஞாயிறு வந்தது. நல்ல பனி, ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. நான் முதல் வரிசையில், அவருடைய முகம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. புத்தகத்தைத் திறந்து வைத்தார். விரல் வைக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தாடை உயர்ந்தது. 

“பாரோஷ்!”

மஸ்டர் குரல். ஆலயத்தின் ஓட்டுக்கூரை அதிர்ந்தது. பிறகு நிறுத்தினார். வாசிப்பில் நிறுத்துகிற நிறுத்தல் இல்லை அது, பதில் வரும்வரை காத்திருக்கிற நிறுத்தல். தலைமைப் போதகர் நிமிர்ந்து பார்த்தார். சேலத்து உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதோ சிரிக்கப் போகிறார்கள் என்று நான் காத்திருந்த அந்த விநாடியில், வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது: “வந்தாச்சுங்க!” திரும்பிப் பார்த்தேன். அவருடைய பிரிவுப் பெண்கள், நெற்றியில் குங்குமத்தோடு, பத்துப் பன்னிரண்டு பேர், தங்கள் மேஸ்திரி வாசிப்பதைக் கேட்க வந்து நின்றிருந்தார்கள். அடுத்த பேர். “வந்தாச்சுங்க!” ஐந்தாவது பேருக்குள் பெஞ்சுகளில் இருந்த எஸ்டேட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஊர் திரும்பின மனிதர்கள், எங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பதினெட்டு வருடம் தினமும் காலையில் இந்தக் குரலின் பக்கத்தில் நின்று டிக் அடித்தவன் நான். பேர் கூப்பிடுவதே வேலையாக இருக்கிற ஒருவரை, பேர்களைக் கொண்டு கவிழ்க்கத் திட்டம் போட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய மடையனை இந்த மலையில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்கமாட்டான்.

பட்டியலின் கடைசிக்கு வந்தபோது அவர் குரல் இறங்கியது. நான் வாசிக்காமல் விட்ட பகுதி அது. தாங்களும் ஆசாரிய வம்சம்தான், தேவாலயக் குருமாரின் வழிதான் என்று சொல்லிக்கொண்ட சிலர், பதிவேட்டில் தங்கள் பேரைத் தேடுகிறார்கள். காணோம். அதனால் ஊழியத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள். அதை மட்டும் விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, மெதுவாக வாசித்தார். யாரும் “வந்தாச்சுங்க” சொல்லவில்லை. புத்தகத்தை மூடினார். பிறகு, பதினெட்டு வருடப் பழக்கத்தில், தான் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்து, என் பக்கம் திரும்பினார்.

“அவ்வளவுதானுங்களா, ரைட்டர்?”

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது இதுதான்: இத்தனை வருட மஸ்டரில் ஒரு நாள்கூடக் கூப்பிடப்படாத பேர் ஒன்று உண்டு. அது என் பேர். பேரேடு வைத்திருக்கிறவனுடைய பேரை யாரும் கூப்பிடுவதில்லை. அவனும் “வந்தாச்சுங்க” என்று சொல்ல வேண்டியதில்லை. ஆலயத்திலும் அப்படியே இருந்துவிட்டேன். யார் வந்தார், யார் வரவில்லை, யாருடைய பக்தி ஏறியது, யாருடையது இறங்கியது என்று டிக் அடித்துக்கொண்டு, நான் வந்தேனா என்று பார்க்காமலே. பதின்மூன்றாவது வளைவில் ஆண்டவர் என்னைத் தூக்கி நிறுத்தியது உண்மை. நான்தான் அந்த வளைவிலேயே நின்றுகொண்டு, வீடு போய்ச் சேர்ந்துவிட்டதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. மதியச் சாப்பாட்டில் தலைமைப் போதகர் மேஸ்திரியம்மாவைப் பாராட்டியபோது, குழம்பில் உப்பு அதிகம் என்று இலையை மடித்துவிட்டு எழுந்தவன் நான். ஆனால் மறுநாள் காலை முழங்காலிட்டபோது பழைய வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. சங்கீதங்களும் வரவில்லை. வெகுநேரம் கழித்து, “வந்திருக்கேன்” என்று மட்டும் சொன்னேன்.  மனைவி எட்டிப் பார்த்து, தூங்கிவிட்டேன் என்று நினைத்துப் போர்த்திவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் மாதக்கணக்கில் ஓட்டினேன். சில நாள் அதுவும் பொய்யாக இருந்தது. பொய் என்று தெரிந்ததே அப்போது எனக்கு முன்னேற்றம். வெள்ளக்கடைக்குப் போய், அந்தச் சாவு வீட்டுப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள், “அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டோமுங்க” என்றார்கள், மறக்காத முகத்தோடு. ஹெல்மெட்டை ஷோகேஸிலிருந்து எடுத்து எஸ்டேட் குப்பையில் போட்டேன். மேஸ்திரியம்மா அதைப் பொறுக்கி, “கோழிக்கு ஆகுமுங்க” என்று கொண்டுபோனார். என் சாட்சியில் பாதியைக் கூடையில் போட்டுக்கொண்டு போகிறார் என்று அப்போதும் எரிந்தது. பழிவாங்கும் புத்தி செருப்பில் ஒட்டின சாணம் மாதிரி, ஒரு தேய்ப்பில் போகாது.

ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டேன். அந்தப் பட்டியலை எதற்காக அவருக்குக் கொடுத்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. “நீங்க நல்லா இருக்கோணுமுங்க” என்று சொன்ன மனுஷியிடம் அதை எப்படிச் சொல்வது? இன்றைக்கு நாளைக்கு என்று நான் தள்ளித் தள்ளிப் போட்டதில், அவர் மூட்டுவலியால் வேலையிலிருந்து நின்று, மாரமங்கலத்தில் மகன் வீட்டோடு போய்விட்டார். இப்போது எங்கள் மஸ்டரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு மெஷின் இருக்கிறது, பெருவிரலை வைத்தால் கீ என்று கத்தும். நானும் வைக்க வேண்டும். ஈரக்கையோடு வைத்தால் அது என்னை அடையாளம் தெரியாது என்கிறது. சில காலைகளில் மூன்று தரம், நான்கு தரம் துடைத்துத் துடைத்து வைக்கிறேன். பின்னால் நிற்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். அப்படி ஒரு காலையில்தான், இனி தள்ளக்கூடாது என்று கிளம்பினேன்.

போன மாதம், பஸ்ஸில் மாரமங்கலம் இறங்கி நடந்தேன். வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அவரைக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. சுவரோரம் வைக்கோல் பரப்பி, அதில் என் ஹெல்மெட் கவிழாமல் கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தது. உள்ளே ஒரு கோழி, விரிசல் வழியாக ஒரு கண்ணால் என்னையே பார்த்தபடி அடைகாத்தது. நான் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். பூ முறை, பெஞ்சு, டீக்கடை நடிப்பு, விடியற்காலை ஜெபங்கள், கடைசியாகப் பேர்ப்பட்டியல். அவரைத் தலைகுனிய வைக்கத்தான் அவர் பேரை எழுதினேன் என்றும் சொன்னேன். அவர் முறத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அந்த லேசில், பழைய ஆள் எங்கிருந்தோ எழுந்து வந்துவிட்டான். “இந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில இதையேதானுங்க சாட்சியாச் சொல்லப்போறேன். ஒண்ணு விடாம, எல்லார் முன்னாலயும்!” என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். கோழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அதுக்கு எதைங்க தூக்கிட்டு வருவீங்க?”